பாதிக்குப் பாதி தவிடு

— தவிடு எவ்வளவு கலந்தீங்க ஐயா? திரும்பச் சொல்லுங்க.

— பாதிக்குப் பாதி, மேடம்.

— பால் மறந்து ஒரு வாரம்கூட ஆகாத பன்னிக்குட்டிக்கா?

— பாருங்க, பெரிய பன்னிங்க அதைத்தான வளைச்சு வளைச்சுத் தின்னுதுங்க. சரி, குட்டிக்கும் ஆகும்னு அள்ளிப் போட்டுட்டேன்.

— அதுங்க வயிறு வேற, இதுங்க வயிறு வேற. தவிடு, உமியெல்லாம் நார். குட்டிக்கு வயிறு ரொம்பும், உடம்புல ஒட்டாது.

— அதான் பாத்தேன். வயிறு பானையாட்டம் இருக்கு, முதுகெலும்பு துருத்துது. பதினொண்ணுல ரெண்டு எழுந்திருக்கவே மாட்டேங்குது.

— அந்த ரெண்டையும் இன்னிக்கே கால்நடை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. நூறு கிலோ தீவனத்துக்கு நாலஞ்சு கிலோ தவிடு போதும், நைசா அரைச்சது. அந்த அளவுன்னா கழிச்சலுக்கும் நல்லது. மீதி மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு. எழுதிக்கிட்டீங்களா?

— எழுதறேன், எழுதறேன். மெதுவாச் சொல்லுங்க. அவசரம் ஒண்ணுமில்லயே?

— ஐயா, லைன்ல இன்னும் ஒம்போது பேர் காத்திருக்காங்க. முந்தாநாள் பீட்ரூட் சக்கை போடலாமான்னு கேட்டீங்க. நேத்து கடலைத் தோல். இந்தத் தவிட்டு விஷயத்த அப்பவே சொல்லியிருக்கலாம்ல?

— சொல்ல வந்தேன், பாருங்க. வாய் வரல. இன்னிக்கும் வேற வேற ஆளா எடுத்தாங்க, ஆறு தடவ போன வச்சிட்டேன்.

— யார் எடுத்தாலும் இதேதான் சொல்வாங்க.

— சொல்வாங்க. உங்க வாயால கேட்டாத்தான் எனக்கு மண்டைல ஏறுது.

— இங்க பேசறதெல்லாம் பதிவாகுது ஐயா. பன்னியப் பத்தி மட்டும் பேசுங்க.

— பன்னியப் பத்தித்தான பேசறேன்? பன்னிகிட்டயும் நான்தான் பேசறேன். வீட்ல வேற யார் இருக்கா பேச?

— குட்டிக்குத் தீவனம் யாரு கலக்கறது?

— நான்தான்.

— தினமுமா?

— தினமும்தான்.

— நீங்க கொட்டகைப் பக்கமே வரமாட்டீங்களே. ஒரு பிடி தவிடு கூடுனாலும் கையத் தட்டிவிட ஆள் இருந்துச்சே அங்க.

— இருந்துச்சு.

— அப்பா, அம்மா எங்க?

— அவ போய்ச் சேந்து பதிமூணு நாளாச்சு பாப்பா. உன் போனுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தேன், நீ எடுக்கல. உன் கோபம் உனக்கு. இந்த நம்பருக்கு அடிச்சா நீ எடுத்துத்தான ஆகணும்.