பல்ப் பாஸ்

உங்கள் பொலிஸ் ஜீப்பின் இடது பக்க சிக்னல் வேகமாக அடிக்கிறது, சேர். வாசலில் திருப்பும்போது பார்த்தேன். பின்னால் ஒரு பல்ப் போயிருக்கும். அதை மாற்றினால் போதும், வேறு எதையும் கழற்ற விடாதீர்கள்.

பெயர் அமிர்தநாதன் என்று எழுதியிருக்கிறீர்கள், சரிதான். ஆனால் ஓப்பநாயக்க டவுனில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாரும் என் கடையைக் காட்டமாட்டார்கள். வாகனத்துக்குக் கரண்ட் வேலை பார்க்கிற பல்ப் பாஸ் என்று கேட்க வேண்டும். கைவேலை தெரிந்தவனைப் பாஸ் என்று கூப்பிடுவது மரியாதை. அதற்கு முன்னால் இருக்கிற சொல் அருள்தாஸ் வைத்தது.

அருள்தாஸ் தோட்டத்து மேல் டிவிஷனுக்கு வேன் ஓட்டுகிறவன். பழைய டீசல் வேன், அவன் வயதுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதில் பாட்டரி இறங்கிக்கொண்டே இருந்தது. பாட்டரியை மாற்றினான். எம்பிலிப்பிட்டியவுக்குப் போய், பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோவைக் கழற்றிப் பிரஷ் போட்டான். ஒன்றுக்கும் சரிவரவில்லை. கடைசியாக என்னிடம் வந்தான்.

நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. முதலில் பெல்ட்டைப் பார்த்தேன், பிறகு பியூஸ், பிறகு வயர் முனைகள். என்ஜின் ஓடும்போது பாட்டரியில் மீட்டர் வைத்தால் பதினாலு வோல்ட் காட்ட வேண்டும். பன்னிரண்டுகூட இல்லை. டைனமோ நல்லதுதான், ஆனால் தூங்குகிறது. சாவியைத் திருப்பிப் பார்த்தேன். எண்ணெய் லைட் எரிந்தது. பாட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரியவில்லை. அதுதான் கோளாறு. அந்தச் சின்ன பல்ப் வழியாகப் போகிற கரண்ட்தான் டைனமோவை எழுப்புகிறது. சில டைனமோ வேகமாகச் சுற்றினால் தானாக முழித்துக்கொள்ளும். இது முழிக்காது, எவ்வளவு மிதித்தாலும். அதையும் அன்றே பார்த்து வைத்திருந்தேன். ஒரு பல்ப் போட்டேன். பதினாலே கால் வோல்ட்.

நன்றி சொல்வான் என்று நினைத்தேன். எதிர்த் தேத்தண்ணிக் கடையில் போய் நின்றுகொண்டு, நான் கேட்கிற மாதிரியே பேசினான்.

"டைனமோ வேலை செய்யலன்னு போனேன், பல்ப மாத்திட்டு சரியாயிருச்சுன்னு சொல்றாரு. பல்ப் பாஸ்! அப்ப டயர்ல காத்து போனா ரேடியோவ மாத்துவாரு போல."

"சும்மா இரு, மனுசனுக்கு கேக்கப் போவுது" என்றார் கடைக்காரர், சிரித்துக்கொண்டே.

வேன் அதற்குப் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை என்பதை யாரும் பேசவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. சிங்களத்திலும் பல்ப் பல்ப்தான், பாஸ் பாஸ்தான். அதனால் மொழி மாற்றக்கூடத் தேவைப்படவில்லை, டவுன் முழுக்கச் சுலபமாகப் பரவியது. போன வருஷம் அந்தோனியார் திருவிழாவில் புதிதாக வந்த ஃபாதர் மைக்கைப் பிடித்து, "மின்சோடனை செய்து உதவிய திருவாளர் பல்ப் பாஸ் அவர்களுக்கு நன்றி" என்று வாசித்தார். பாவம், அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார். கோயில் முழுக்கச் சிரித்தது. என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் கோபத்தில் சொல்லவில்லை. வேலை எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை அருள்தாஸ் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"பல்ப் பாஸ், ஹோர்ன் பேச மாட்டேங்குது. அதுக்கும் ஒரு பல்ப் போடுவீங்களா?"

"பார்ப்போம்" என்றேன்.

"கொஞ்சம் சுருக்கா பாருங்க. மேர்சிய பின்னேரம் இரத்தினபுரிக்கு கொண்டு போவணும். எட்டு மாசம், பிரஷர் கூடிருச்சு, காலெல்லாம் வீங்கியிருக்கு. இன்னைக்கே ஆஸ்பத்திரில நிப்பாட்டச் சொல்லி மிட்வைப் மிஸ் கத்துறாங்க. அந்த வளைவுல ஹோர்ன் இல்லாம எறங்க ஏலாது."

மேர்சி அவன் மனைவி. சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். ஹோர்ன் வயரில் துரு ஏறியிருந்தது. சுரண்டி, புது முனை போட்டு, டேப் சுற்றினேன். அந்த வேலையை நீங்கள் இப்போதும் பார்க்கலாம், சுத்தமாகச் செய்திருக்கிறேன். பிறகு டேஷ்போர்டைத் தளர்த்தி, நான் போட்ட பல்பை நானே எடுத்துக்கொண்டேன். ஒரு கடலை அளவுதான் இருக்கும். பரிசு விழாத லொத்தர் சீட்டு ஒன்றில் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தேன்.

அவன் கவனிக்கமாட்டான் என்று தெரியும். டிரைவர்மார் எரிகிற லைட்டுக்குத்தான் பயப்படுவார்கள். எரியாத லைட் அவர்களுக்குச் சந்தோஷம்.

மழை வரும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். இந்தப் பக்கம் மே மாதத்தில் அப்படிச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். வைப்பர், முன் லைட், கண்ணாடிப் புகை போக்குகிற காற்று, அதோடு நடுவில் மூன்று நான்கு தடவை ஸ்டார்ட். அந்த பாட்டரி பின்னேரம் வரைக்கும் தாங்கும், ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது. டீசல் பம்பின் தலையில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கரண்ட் இருந்தால் டீசலை விடும், இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். பிறகு டேங்க் நிறைய டீசல் இருந்தும் பிரயோசனமில்லை.

நான் கடையை விட்டு அசையவில்லை. மூன்றரைக்கு போன் வந்தது.

"பாஸ், வேன் நின்னுருச்சு. ரப்பர் மலை வளைவு. மேர்சி உள்ள இருக்கா. ஒண்ணுமே எரியல பாஸ், கொஞ்சம் வாங்க."

த்ரீவீலில் போனேன். பின் சீட்டில் சாமான் பெட்டியும் சார்ஜ் நிறைந்த பாட்டரி ஒன்றும் இருந்தன. மேர்சி வேனின் நீள சீட்டில் படுத்திருந்தாள். அவளுடைய அம்மா மரியம்மா தலையை மடியில் வைத்திருந்தார்.

"தம்பி, ஒங்க த்ரீவீல்ல ஏத்திட்டு மெயின் ரோட்டுக்கு எறக்கிருவமா?"

"சாமான் இருக்கும்மா. கொஞ்சம் பொறுங்க, பார்த்துடுவேன்."

முதலில் பெல்ட்டைப் பார்த்தேன். பிறகு பியூஸ். பிறகு வயர் முனைகள். முறை மாற்றக்கூடாது. அருள்தாஸ் எனக்குக் குடை பிடித்தான். என் பாட்டரியைச் சேர்த்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன்.

"எரியுது பாஸ்! ஸ்டார்ட் பண்ணவா?"

"பண்ணாதே. கோளாறைக் கண்டுபிடிக்காமல் எடுத்தால் மறுபடியும் நிற்கும். எது எரியுது என்று சொல்லு."

"எண்ணெய் லைட்டு."

"எது எரியல?"

"தெரியல. பாட்டரி பழசு பாஸ், அதுதான். ஒங்க பாட்டரியோட போயிர்றேன்."

"பாட்டரி இல்லை. நல்லா பாரு. எது எரியல?"

அந்த நேரம் மேர்சிக்கு வலிப்பு வந்தது. மரியம்மா கத்தினார். அருள்தாஸ் குடையைப் போட்டுவிட்டு ஓடினான், திரும்பி வந்து சேற்றில் முட்டி போட்டு என் காலைப் பிடித்தான்.

"அண்ணே, என்னண்ணே செய்யணும், சொல்லுங்கண்ணே."

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணே என்றான். சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிடுவான். ஆனால் நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். அவன் பாட்டரி என்றுதான் சொன்னான்.

என் பாட்டரியோடு அனுப்பியிருந்தால் இரத்தினபுரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், திரும்பியும் வந்திருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். போன் வந்த நேரமே தெரியும். காலையில் பல்பைக் கழற்றும்போதும் தெரியும். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், நான் போய் நாற்பத்தைந்து நிமிஷம் அவர்களை அங்கே நிறுத்தி வைத்திருந்தேன். மேர்சி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாலர் வகுப்பில் என் மகளோடு படித்தவள்.

அவளுடைய சத்தம் அடங்கிய பிறகு பல்பைப் பொருத்தினேன். வேன் உடனே எடுத்தது. மீட்டரை வைத்தேன், பதினாலே கால். "பல்ப், அருள்தாஸ், பல்ப்" என்று ஜன்னலில் சொன்னேன். அவன் காதில் விழவில்லை. ஆஸ்பத்திரியில் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

இதோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். என்னைத் தேடி யாரும் வரவில்லையே, நானாகத்தானே வந்தேன். ஆனால் திடீர் மரண விசாரணையில் எழுதியதைத் தேத்தண்ணிக் கடையில் வாசித்தார்கள். பழைய பாட்டரி இறங்கியதால் வாகனம் நின்றது என்று அருள்தாஸ் சொன்னானாம், அப்படியே எழுதியிருக்கிறது. எல்லாரும் பாட்டரி பாட்டரி என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த பாட்டரியில் ஒரு குறையும் கிடையாது, சேர். முத்திரை குத்திய ஒரு தாளில் பிழையான கோளாறு இருக்கக்கூடாது.

அவனை ஒரு தடவை இங்கே கூப்பிடுங்கள். என் முன்னால் கேளுங்கள், அன்று எது எரியவில்லை என்று. அவன் வாயால் பல்ப் என்று சொல்லிவிட்டால் போதும். நீங்கள் எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.