முடுக்கினவர் கூட ஏறணும்

ருஸ்லான்: கைய எடு சல்மியா. அந்த வீல இப்ப மாட்டாத.

சல்மியா: ஏன், என்னாச்சு?

ருஸ்லான்: என்னாச்சா? ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல என்ன வெச்சிருக்க?

சல்மியா: ஸ்பேசர்.

ருஸ்லான்: எத்தனை?

சல்மியா: ...ரெண்டு.

ருஸ்லான்: ஒண்ணு மேல ஒண்ணு. ரொட்டி அடுக்குற மாதிரி.

சல்மியா: ரெண்டும் மெல்லிசு வளையம்ங்க. ஒண்ணு மட்டும் போட்டா வீல் உள்ள உரசுது, அதான்...

ருஸ்லான்: இந்தச் செப்பாங் ரேஸ் ட்ராக்குல இத்தனை வருஷம் ஓட்டினவ பேசுற பேச்சா இது? இங்க பாரு, மேல இருக்குறத விரலால தள்ளினாலே ஆடுது. அதுக்குப் பிடிமானமே இல்ல. நட்டு நாலு மரை ஏறுமா? அதுகூட சந்தேகம்.

சல்மியா: மெதுவா ஓட்டுறேன்.

ருஸ்லான்: யாரு, நீயா?

சல்மியா: ...முயற்சி பண்றேன்.

ருஸ்லான்: கடைக்குப் போய் முட்டை வாங்கிட்டு வரவே இத மாட்டக்கூடாது. நீ ட்ராக்குக்குப் போறேங்குற. முடியாது. பரிசோதனையில இந்த வண்டி ஃபெயில்.

சல்மியா: பரிசோதகர் ஐயா கொஞ்சம் இரக்கம் காட்டலாமே? நாளைக்கு வண்டி கை மாறுது.

ருஸ்லான்: வித்துட்டியா?

சல்மியா: ஈப்போக்காரர் ஒருத்தர். காலையில வந்து எடுத்துக்குவார். இன்னிக்கு ஓட்டலன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் இல்ல.

ருஸ்லான்: நீயா வித்த? இத துடைக்கக்கூட யாரையும் விடமாட்டியே.

சல்மியா: இடுப்பு போச்சு. கிளட்ச்ச மிதிச்சா உயிர் போகுது. போதும்மா, நிறுத்திக்கோன்னு டாக்டர் சொல்லிட்டாங்க.

ருஸ்லான்: எங்கிட்ட ஒரு வார்த்தை...

சல்மியா: எப்படி? விவாகரத்து ஆனவருக்கு இடுப்பு வலின்னு செய்தி அனுப்பவா? சரி, விடுங்க.

ருஸ்லான்: இந்த ரிம்ம எங்க பிடிச்ச? நம்ம முதல் வண்டியில இருந்த மாதிரியே இருக்கு.

சல்மியா: மாதிரி இல்ல. அதேதான்.

ருஸ்லான்: அத வித்துடுன்னு அப்பவே சொன்னேனே!

சல்மியா: சொன்னீங்க. நான் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன்.

ருஸ்லான்: அடிப்பாவி... கட்டில் அடியில உங்க அம்மாவோட பீங்கான் தட்டு இருக்கு, குனியாதீங்கன்னு சொன்னியே. அத்தனை வருஷமுமா?

சல்மியா: தட்டும் இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி இது இருந்துச்சு.

ருஸ்லான்: ராத்திரி எழுந்தா கால் விரல்ல இடிக்குமே, அது தட்டு இல்லையா!

சல்மியா: சிரிக்காதீங்க. எனக்கும் சிரிப்பு வருது.

ருஸ்லான்: இந்த ரிம் இந்த வண்டிக்கு செஞ்சதே இல்ல சல்மியா. ரொம்ப உள்ள போய் உக்காரும். ஸ்பேசர் இல்லாம நிக்காது.

சல்மியா: தெரியும். ஆனா கடைசி நாளு இதுலதான் சுத்தணும்னு ஆசை. அந்த வண்டி நல்லாத்தான் இருந்துச்சு, இல்ல?

ருஸ்லான்: என்ன நல்லா இருந்துச்சு? ஏசி கிடையாது. மழை பேஞ்சா உன் பக்கம் ஒழுகும்.

சல்மியா: உங்க பக்கம்தான் ஒழுகும். நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்த மடியில வெச்சுக்கிட்டு, குடைய விரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. வண்டிக்குள்ள!

ருஸ்லான்: சம்பல் நனையக்கூடாதுல்ல.

சல்மியா: பொண்டாட்டி நனையலாம்.

ருஸ்லான்: நீ எங்க நனைஞ்ச? மழைன்னா உனக்குக் குஷி. வழுக்கிட்டே போவ... அந்தக் கடைசி வளைவு ஞாபகம் இருக்கா?

சல்மியா: மறக்குமா? "அங்க பாருங்க, யாரோட வீலோ தனியா ஓடுது"ன்னு நான் கை காட்டுறேன்...

ருஸ்லான்: நம்ம வீலு!

சல்மியா: நம்மள முந்திக்கிட்டு போகுது. ஜம்முன்னு போகுது. அப்புறம்தான் நம்ம வண்டி ஒரு பக்கம் சாயுது.

ருஸ்லான்: வெளி நட்டெல்லாம் அப்படியே இறுக்கமா இருந்துச்சு. ஸ்பேசரோடயே கழண்டு போயிருக்கு. ஸ்பேசர ஹப்புல பிடிக்குற உள்நட்டு, அதத்தான் யாரும் திரும்பப் பாக்கல.

சல்மியா: யாரும் இல்ல. நீங்க.

ருஸ்லான்: நீதான் பாத்துட்டேன்னு சொன்ன.

சல்மியா: வெளி நட்டப் பாத்துட்டேன்னு சொன்னேன்.

ருஸ்லான்: சரி, அந்தச் சண்டை இப்ப வேண்டாம்.

சல்மியா: அன்னிக்கு சாயங்காலமே சட்டம் போட்டோம்ல? நட்ட யாரு முடுக்குறாங்களோ, முதல் ஓட்டத்துக்கு அவங்களும் வண்டியில ஏறணும்னு. ட்ராக்குல மத்தவங்க எல்லாரும்கூட அதப் பிடிச்சுக்கிட்டாங்க.

ருஸ்லான்: தன் உயிரும் கூட வரும்னா எவனும் நட்ட மறக்கமாட்டான்... ஏய், இரு. அந்தப் பக்கத்து வீல்ல சரியான ஸ்பேசர்தானே போட்டிருக்க? ஒரே துண்டு. கனமானது. ஹப்புல கச்சிதமா உக்காந்திருக்கு.

சல்மியா: ஆமா.

ருஸ்லான்: இந்தப் பக்கத்துக்கு மட்டும் என்ன வந்துச்சு?

சல்மியா: ஜோடி... கிடைக்கல. எங்கயோ வெச்சுட்டேன்.

ருஸ்லான்: அப்ப பழைய ரிம்ம கழட்டிட்டு வண்டியோட சொந்த ரிம்ம மாட்டு. இல்லன்னா வீட்டுக்குப் போ. நீ அழுதாலும் சரி, நான் ரெண்டு ஸ்பேசரோட உன்ன அனுப்பமாட்டேன்.

சல்மியா: அவ்ளோ அக்கறையா?

ருஸ்லான்: ஆமா. அக்கறைதான். போதுமா?

சல்மியா: ...அட, இங்க பாருங்க. கை தொடைக்குற துணிக்கு அடியில இருக்கு.

ருஸ்லான்: அவ்ளோ பெரிய இரும்பு, துணிக்கு அடியில இருந்தது உன் கண்ணுக்குத் தெரியல.

சல்மியா: வயசாகுதுல்ல.

ருஸ்லான்: குடு இங்க. கம்பி பிரஷ் எங்க? ஹப்புல துளி துரு இருந்தாலும் இது சமமா உக்காராது... ம். இப்ப சரி. அந்த இறுக்கம் அளக்குற ரெஞ்ச்ச எடு.

சல்மியா: குறுக்கும் நெடுக்குமா முடுக்குங்க.

ருஸ்லான்: எனக்கே சொல்றியா?

சல்மியா: உங்களுக்குத்தான் சொல்லணும். ம்... க்ளிக். அடுத்தது. க்ளிக்.

ருஸ்லான்: பக்கத்துல நின்னு எண்ணாத, கணக்கு தப்புது.

சல்மியா: முன்னாடியும் நான்தானே எண்ணுவேன்.

ருஸ்லான்: அதான் தப்புது... உள்நட்டு முடிஞ்சுது. வீலத் தூக்கு... இரு, இரு, இடுப்ப வெச்சுக்கிட்டு நீ தூக்காத. நானே மாட்டுறேன். ஹ்ம்... ஆச்சு. நல்லா கேட்டுக்கோ. ரெண்டு மூணு சுத்து போயிட்டு உள்ள வந்துடு. சூட்டோட முடுக்காத, ஆறட்டும். அப்புறம் வீலக் கழட்டி உள்நட்டையும் ஒரு தடவ பாக்கணும். வெளிநட்டோட விட்டுடாத.

சல்மியா: நீங்களே பாத்துக்கலாமே. ஏறுங்க.

ருஸ்லான்: எங்க?

சல்மியா: பக்கத்து சீட்டுல. முடுக்கினது யாரு?

ருஸ்லான்: நான் டியூட்டியில இருக்கேன். பரிசோதனை பண்றவன் வண்டியில ஏறக்கூடாது.

சல்மியா: ஒரு மூணு சுத்து...

ருஸ்லான்: வேண்டாம் சல்மியா.

சல்மியா: சட்டமா, பயமா?

ருஸ்லான்: ஏறினா இறங்க மனசு வராது. அதான் பயம்.

கியாட்: ருஸ்லான் அண்ணே! நீங்களா? என்ன, ஆளையே காணோம்?

ருஸ்லான்: ஆங்... கியாட். நீ அடுத்த ஷெட்டப் பாரு, இங்க நான்...

கியாட்: மறுபடியும் சேந்துட்டீங்களா என்ன? போன வருஷமே வேலைய விட்டுட்டீங்கல்ல? இன்னிக்குப் பரிசோதனைக்கு என்ன மட்டும்தானே போட்டிருக்காங்க?

சல்மியா: ஓகோ.

ருஸ்லான்: கியாட், அப்புறம் பேசுவோம்பா.

கியாட்: உங்களுக்கு என்ன அக்கா பிரச்சனை? எதுக்கு மறுபடி ஜாக்கி போட்டிருக்கீங்க? விடிஞ்சதும் முதல் ஆளா உங்க வண்டியத்தானே பாஸ் பண்ணேன்.

ருஸ்லான்: பாஸ் பண்ணியா?

கியாட்: ஆமாண்ணே. வீலக் கழட்டி உள்நட்டு வரைக்கும் பாத்தேன். எல்லாம் ஒத்தை ஸ்பேசர், கச்சிதமா இருந்துச்சு.

ருஸ்லான்: எல்லாமே ஒத்தையா?

கியாட்: ஏன் அண்ணே... நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?

சல்மியா: நீ போய் டீ குடி கியாட்.

கியாட்: இல்லக்கா, நான் வந்து...

ருஸ்லான்: போய்க் குடிப்பா!

கியாட்: சரி சரி, போறேன்.

ருஸ்லான்: அப்ப அந்த ரெண்டு ஸ்பேசர்?

சல்மியா: முதல்ல உங்க டியூட்டியப் பத்திச் சொல்லுங்க.

ருஸ்லான்: நீ இன்னிக்கு ஓட்டுறேன்னு கேள்விப்பட்டேன். பழைய யூனிஃபார்ம் சட்டைய எடுத்து மாட்டிக்கிட்டு வந்துட்டேன். வாசல்ல யாரும் கேக்கல. தூரத்துல இருந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயிடலாம்னுதான்... இப்ப நீ சொல்லு.

சல்மியா: ஏறுங்க, சொல்றேன்.

ருஸ்லான்: ...ஏறிட்டேன். பெல்ட்டும் போட்டாச்சு. சொல்லு.

சல்மியா: அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு மூணு தடவ இந்த ஷெட்டத் தாண்டிப் போனீங்க. உள்ள வரவே இல்ல. என்னத் தாண்டிப் போயிடுவீங்க, தப்பா மாட்டின வீலத் தாண்டிப் போக உங்களால முடியாது. அதான் அவசர அவசரமா ஒத்த ஸ்பேசரக் கழட்டி ரெண்டா மாத்தினேன்.