சீரியல் நம்பரை நம்பிக் கொடுத்த லேப்டாப்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்தொன்று. தொழில், தண்ணீர் பட்ட லேப்டாப் போர்டுகளைப் பழுது பார்ப்பது. எப்போதும் லென்ஸுக்குள் தலையை விட்டிருப்பதால் கடைத்தெருவில் என்னை ‘லென்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

சென்ற திங்கட்கிழமை காலை ஒரு பெண்மணி லேப்டாப் கொண்டுவந்து, ஜூஸ் கொட்டிவிட்டது, உள்ளே இருப்பது எப்படியாவது வேண்டும் என்றார். கழற்றிப் பார்த்தேன். மேலிருந்து கொட்டியிருந்தால் கீபோர்டு வழியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும். கீபோர்டின் அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. அடிப்பக்கத்துக் காற்றுத் துவாரங்களில் மட்டும் பிசுபிசுப்பு இருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

“கொட்டலைங்க. வீட்டுக்காரர் கவுத்துப் பிடிச்சு ஊத்துனாரு,” என்றார்.

கணவர் பேசியதைப் பதிவு செய்து அதில் வைத்திருப்பதாகவும், மகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கில் அதுதான் தன்னிடம் இருக்கும் ஒரே சாட்சி என்றும் சொன்னார். அதன் பிறகு கடைச் சீட்டில் தன் நம்பரை எழுதி, இதற்கு மட்டும் கூப்பிடுங்கள் என்று அடிக்கோடு போட்டுவிட்டு, சீட்டின் மறுபாதியை வாங்கிக்கொண்டு போனார்.

சார்ஜர் போட்டால் போர்டு கரண்ட் எடுக்கவில்லை. மெயின் லைன் ஷார்ட் ஆகியிருந்தது. சேமிப்புச் சிப் போர்டோடு சேர்ந்தே இருப்பதால் தனியாக எடுக்க வழியில்லை, போர்டுக்கு உயிர் வந்தாக வேண்டும். ஸ்பிரிட் தடவி, ஒரு வோல்ட் மட்டும் கொடுத்து, எந்த இடம் முதலில் காய்கிறது என்று பார்த்தேன். எள்ளைவிடச் சிறிய கெபாசிட்டர் ஒன்று சூடானது. அதை எடுத்த பிறகு ஷார்ட் போனது. ஆனாலும் ஆன் ஆகவில்லை. சார்ஜிங் சிப்பின் பக்கத்தில் அரித்துப்போன ஒரு செம்புத் தடத்துக்குப் பதிலாக முடி கனத்தில் கம்பி இழுத்தேன். மூன்றாம் நாள் மதியம் திரை வந்தது.

கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்க ஒரே ஒரு பதிவைப் போட்டேன். ஆண் குரல். “கோர்ட்டுக்குப் போனேன்னு வை, பொண்ண நீ உயிரோட பாக்க மாட்டே,” என்றது. அதோடு நிறுத்திவிட்டேன். நகல் எடுக்கவில்லை. வாடிக்கையாளர் கோப்புகளை நகல் எடுக்க மாட்டோம் என்று கடையில் அறிவிப்புப் பலகை மாட்டியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அதன் பிறகு, கடைக் கம்ப்யூட்டரில் மெஷினின் சீரியல் நம்பரைப் போட்டு, வந்த போன் நம்பருக்குக் கூப்பிட்டேன். எங்களுக்கு ஆள் ஞாபகம் இருக்காது, மெஷின்தான் ஞாபகம். இரண்டு வருடம் முன்பு அதே மெஷினுக்குத் திரை மாற்ற வந்தவர் கணவர் என்பதை நான் யோசிக்கவில்லை. லேப்டாப் பையில் குத்தியிருந்த சீட்டையும் பார்க்கவில்லை. “ரெடி ஆயிடுச்சுங்க, உள்ள எல்லாம் அப்படியே இருக்கு,” என்று நானே வாயை விட்டேன்.

அரை மணி நேரத்தில் அவர் வந்தார். சீட்டு மனைவியிடம் இருப்பதாகச் சொன்னார். குரல் எங்கோ கேட்டது போலிருந்தது. இருந்தும் பையில் போட்டுக் கொடுத்தேன். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது. ஓடினேன், கார் போய்விட்டது. சோல்டர் பிடித்த கையை அன்று வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

மாலையில் அந்தப் பெண்மணி சீட்டோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை.

“எல்லாம் இருந்துச்சா?” என்று கேட்டார்.

“இருந்துச்சுங்க.”

“நீங்க கேட்டீங்களா?”

“ஒண்ணு மட்டும்.”

“அப்ப அத போலீஸ் ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க,” என்றார்.

லேப்டாப் கார் பின்சக்கரத்தில் தவறுதலாக நசுங்கிவிட்டதாகக் கணவர் சொல்வதாக இங்கே வந்துதான் அறிந்தேன். சேமிப்புச் சிப் இரண்டாக உடைந்திருப்பதை அதிகாரி காட்டினார். சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். பதிவில் என்ன இருந்தது என்பதற்கு உங்கள் காதைத் தவிர வேறு ஆதாரம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. போன் செய்த பகுதி உங்களுக்கே பாதகமாகும், வேண்டுமானால் சுருக்கிக்கொள்ளலாம் என்று எழுத்தர் சொன்னார். ஒரு வரியும் குறைக்க வேண்டாம் என்று கூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)