கோச்சின் போனை நான் எடுத்துக்கொண்டு போனது பற்றி

என் பெயரையும் கதவு எண்ணையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது நாற்பத்தொன்று. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சலவைக் கடை மாடியில் மகளோடு குடியிருக்கிறேன். இணையத்தில் விற்கும் பயிற்சி வகுப்புகளைக் காசு கட்டிப் படித்து, அதில் சொன்னபடி செய்து பார்த்து, தேறுமா தேறாதா என்று என் சேனலில் சொல்வது என் தொழில். இன்று காலை வாடகை அரங்கு ஒன்றின் மேடையிலிருந்து, கோச் என்று எல்லோரும் கூப்பிடும் ஆளின் போனை நான் எடுத்துக்கொண்டு போனதாக அவர் கொடுத்த புகாரை இங்கே காவல் நிலையத்தில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். எடுத்தது உண்மை. மறைக்க ஒன்றுமில்லை.

கோச் நடத்துவது உள்ளூர் வியாபாரிகளுக்கு லீட் விற்கக் கற்றுத்தரும் வகுப்பு. லீட் என்றால் வேறொன்றும் இல்லை, வேலைக்கு ஆள் தேடி ஒருவர் செய்யும் போன் அழைப்பு. எலக்ட்ரீஷியன், பிளம்பர் என்று ஏதாவது ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, ஓர் ஊரின் பெயரில் இணையப் பக்கம் போட்டு, வருகிற அழைப்புகளை அந்த ஊர்த் தொழில்காரரிடம் விற்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் இதில் குற்றமில்லை, அப்படிச் சொல்லித்தரும் வகுப்புகளை நான் பாராட்டியும் இருக்கிறேன். வகுப்பை எடை போட எனக்கு ஒரு வழி உண்டு. வருமானம் என்று அவர்கள் காட்டும் படங்களைத் திரும்பியும் பார்க்க மாட்டேன். லீட் வாங்கியதாகச் சொல்லப்படும் கடைக்காரரைக் கூப்பிட்டு, அழைத்தவர் வீட்டுக்கு ஆள் போனாரா என்று கேட்பேன். அதில் எல்லாப் பூச்சும் உதிர்ந்துவிடும்.

கோச்சின் வகுப்பில் மாதிரிக்காக ஓர் எலக்ட்ரீஷியன் பக்கம் போட்டுக் காட்டி, அதில் தன் மேசையில் இருக்கும் செல்போனின் எண்ணையே கொடுத்திருந்தார். அதை நகலெடுத்து ஊர்ப் பெயரை மாற்றச் சொன்ன பாடம் ஒன்று, எண்ணை மாற்றச் சொன்ன பாடம் அதற்கு வெகு தூரம் தள்ளி இன்னொன்று. படித்தவர்களில் பாதிப் பேர் ஊரை மாற்றினார்கள், எண்ணை விட்டுவிட்டார்கள். அதனால் எங்கெங்கோ கரண்ட் போன வீடுகளிலிருந்து செய்கிற அழைப்பெல்லாம் கோச்சின் மேசைக்கே போய்க்கொண்டிருந்தது. அங்கே எலக்ட்ரீஷியனும் இல்லை, எடுத்துப் பேச ஆளும் இல்லை. அழைப்பவர் பேசுவதைப் போன் பதிந்துகொள்ளும், கோச்சின் குரலில் ஒரு பதிவு மட்டும் பதில் சொல்லும். "உங்க புகார் பதிவாயிடுச்சு. எங்க ஆள் கிளம்பிட்டார். அரை மணி நேரத்துல வந்துடுவார்." இப்படிச் சொல்லாவிட்டால் அழைத்தவர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார் என்பதையும் ஒரு பாடமாகவே வைத்திருந்தார்.

இதை நான் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மேடம், அது தப்பு இல்ல, அதுதான் ப்ரூஃப். எத்தனை பேர் தேடுறாங்க பாருங்க" என்றார். தேடுகிறவர்கள் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று கேட்டேன். அவரோ, அரங்கில் நடக்கப்போகும் கூட்டத்துக்கு வந்து வகுப்பைப் பற்றி என் தீர்ப்பைச் சொல்லும்படி அழைத்தார். தேறாது என்று அவருடைய மேடையிலேயே சொல்லலாம் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

இதற்குள் என் குடும்பத்தில் நடந்ததையும் எழுதிக்கொள்ள வேண்டும். என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், நுரையீரல் கெட்டு வீட்டிலேயே மூச்சு மெஷினில் இருந்தார். சென்ற மாதம் ஒரு மழை நாள் மத்தியானம் அவர்கள் வீட்டில் மட்டும் கரண்ட் போனது. மெஷினின் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். அக்கா போனில் தேடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். ஆள் கிளம்பிவிட்டதாகச் சொன்னதால், வீடு தெரியாமல் தாண்டிப் போய்விடப் போகிறாரே என்று குடையோடு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஆள் வரவில்லை. பேட்டரி தீர்ந்தது. அதன் பிறகு பக்கத்துத் தையல்காரர் ஓடி வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வண்டி வந்தபோது அத்தான் இறந்திருந்தார்.

அத்தானின் அண்ணன் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் அக்காவைப் பார்த்து, "ஆம்புலன்ஸைக் கூப்பிடாம வாசல்ல நின்னு என்ன வேடிக்கை பாத்தே? ஆள் வர்றான்னு எவன் சொன்னான்?" என்று கேட்டார். அவள் போனை வாங்கி அந்த எண்ணுக்கே அடித்துப் பார்த்தார். மணி அடித்தபடியே இருந்தது, எந்தக் குரலும் வரவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அக்காவுக்கு முகம் கொடுப்பதில்லை. இப்போது அவளே என்னிடம், "நிஜமா யாரும் சொல்லலையோ, எனக்குத்தான் அப்படிக் கேட்டுச்சோ" என்கிறாள். அது எந்த எண் என்று சாவு வீட்டில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இன்று காலை அரங்கில் நான் முன் வரிசையில் இருந்தேன். எல்லோர் கழுத்திலும் அட்டை தொங்கியது. கோச், அழைப்புகள் வந்து குவிந்து போனில் பதிய இடமே இல்லாமல் போனதாகவும், அதனால் தன் குரலை நிறுத்திவைத்துப் பல வாரம் ஆனதாகவும், இப்போது அடித்தால் வெறும் மணிதான் கேட்கும் என்றும் பெருமையாகச் சொன்னார். அதன் பிறகு கொண்டுவந்திருந்த அந்தப் போனையே ஒலிபெருக்கியில் இணைத்து, சூடான லீட் எப்படி இருக்கும் என்று கேட்கச் சொன்னார். முதலில் அவர் குரல் வந்தது, ஆள் கிளம்பிட்டார் என்றது. அடுத்து ஒரு பெண் குரல். "கிளம்பிட்டாருங்களா? சரிங்க. இங்க அவருக்கு மூச்சு மெஷின் ஓடுது, கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்க. வீடு உள்ளே தள்ளி இருக்கு. நான் வாசல்லயே நிக்கிறேன்."

அது என் அக்கா.

கோச் பதிவை நிறுத்தி, "பாத்தீங்களா, இவங்க வேற யாரையும் கூப்பிட மாட்டாங்க. வாசல்லயே நிப்பாங்க" என்றார். அரங்கு கைதட்டியது. என் பக்கத்தில் இருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார். நான் எழுந்து மேடைக்குப் போய், அந்த அம்மா வீட்டுக்கு யார் போனது என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று எனக்கும் ஒரு கைதட்டல் வாங்கிக்கொடுத்தார். அது என் அக்கா, அந்த மனிதர் செத்துவிட்டார் என்றேன். உடனே மைக்கை இறக்கிக்கொண்டு என் காதருகே வந்து, "மேடம், இங்க வேணாம். இப்பவே டெலீட் பண்ணிடறேன், யாருக்கும் தெரியாது" என்று சொல்லிப் போனை நோக்கிக் கையை நீட்டினார். ஐயோ என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வரவில்லை. நான் போனைப் பிடுங்கினேன். வயரோடு ஒலிபெருக்கியும் கீழே விழுந்தது, அதுவும் என் வேலைதான். கன்னத்தில் அறைந்தேன் என்று புகாரில் இருப்பது பொய். கை ஓங்கினேன், அடிக்கவில்லை. அடிக்காமல் விட்டோமே என்று இப்போதும் வயிறு எரிகிறது. நான் சொல்வதை எழுதிக்கொள்ளும் அதிகாரி இதை எழுத வேண்டாமே என்றார், எழுதத்தான் வேண்டும் என்றேன்.

அதன் பிறகு வாடகை வண்டி பிடித்து, போன் பூட்டிக்கொள்ளாமல் இருக்கத் திரையைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டே பெயிண்ட் கடைக்குப் போனேன். வழியில் அது மூன்று முறை அடித்தது. மூன்றையும் எடுத்து, இங்கே எலக்ட்ரீஷியன் இல்லை, ஆள் வர மாட்டார், வேறு யாரையாவது பாருங்கள் என்று சொன்னேன். ஒருவர் என்னைத் திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

கடையில் அத்தானின் அண்ணன் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வேலையாட்கள் இருக்கும்போதே பதிவை ஓட விட்டேன். சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால் பேசினவர் தனியாகக் கேட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கடைசிவரை நின்றபடியே கேட்டார். திரும்பவும் போடச் சொன்னார், போட்டேன். அதன் பிறகு, "நான் இப்ப அவகிட்ட போய் என்னத்தச் சொல்றது" என்றார்.

"ஆள் வர்றான்னு எவன் சொன்னான்னு கேட்டீங்கல்ல. சொன்னவன் குரலைக் கேட்டுட்டேன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார். நான் நேராக இங்கே வந்தேன். அந்தப் பதிவை மட்டும் அழித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுப் போனைக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாகக் கோச் ஆள் அனுப்பியிருக்கிறார். மன்னிப்புக் கேட்க மாட்டேன். பதிவை நகலெடுத்து வழக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த எண் இருக்கும் பக்கங்களை இன்றே இறக்கச் சொல்லுங்கள், பிறகு போனை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள்.

மேலே உள்ளதை அதிகாரி வாசிக்க நான் கேட்டேன். நடந்ததில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கோபத்தை மட்டும் குறைத்துச் சொல்லியிருக்கிறேன்.

(கையொப்பம்)