மாதவி கீழே வைத்த சர்க்கரைத் தண்ணீர்

கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிவிட்ட அதே பொறுமையோடு இன்று பேச்சாளர்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருக்கும் அவைத்தலைவர் நடராஜன் அவர்களே! முன்வரிசையை முழுமையாக்கி வீற்றிருக்கும் மூத்தோர்களே! பெஹாலாவில் பிறந்து, வங்காள மொழியில் சண்டை போட்டு, தமிழுக்குக் கைதட்டும் தம்பி தங்கைகளே! பாயசக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி, "இந்தம்மா சீக்கிரம் முடிப்பாங்களா?" என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! ரோஹிணியின் நெஞ்சார்ந்த வணக்கம்.

குடியுங்கள் அம்மா, குடியுங்கள்! பாயசத்துக்கு நான் பகையில்லை. உண்ட உணவு உடம்புக்குள் என்ன ஆகிறது என்று ஆராய்கிற உயிர்வேதியியல்காரி நான். இன்று பேச வந்தது ஒரு குழந்தையைப் பற்றி. அவள் பெயர் சுபிக்ஷா.

தாய்ப்பால் குடித்தவரை தங்கமாய் வளர்ந்தாள் சுபிக்ஷா. சோறூட்டும் நாள் வந்தது. பாயசம் கொடுத்தார்கள், வாந்தி எடுத்தாள். வாழைப்பழம் கொடுத்தார்கள், வியர்த்துத் துவண்டாள். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு நம் வீடுகளில் என்ன கொடுப்போம்? சொல்லுங்கள்! ஆமாம், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்! அதைத்தான் அவள் அம்மா மாதவி கரண்டி கரண்டியாய்க் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்கக் குழந்தை சோர்ந்தது. சோரச் சோர இன்னும் கொடுத்தாள். மருந்து என்று நினைத்தாளே, அதுதானய்யா அந்தக் குழந்தைக்கு நஞ்சு!

ஏன் நஞ்சானது? துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர். சரக்கு இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஏற்றிப்போக ஒரு லாரிகூட இல்லை. என்ன ஆகும்? "டெமரேஜ்" என்கிறார் பின்வரிசையில் ஒரு பெரியவர்! அனுபவம் பேசுகிறது! அதேதான், தேங்கிய சரக்குக்குத் தண்டம். சர்க்கரையிலும் பழத்திலும் தேனிலும் இருக்கிற பழச்சர்க்கரையைப் பக்குவப்படுத்த நம் கல்லீரலில் ஒரு நொதி உண்டு. சுபிக்ஷாவுக்கு அந்த நொதி வேலை செய்யவில்லை. சரக்கு தேங்கியது, ஈரல் வீங்கியது.

வாய் பேசத் தெரியாத வயதிலேயே அவள் வாயை மூடக் கற்றுக்கொண்டாள். பக்கத்து வீட்டு வங்காளிச் சித்தி, காக்கீமா, ரசகுல்லாவை நீட்டி, "கா ரே ஷோனா, ஏக்டா கா", சாப்பிடு கண்ணே, ஒன்றே ஒன்று சாப்பிடு என்று கெஞ்சுவார். அவள் உதட்டைத் திறக்கமாட்டாள். பிடிவாதக்காரி என்றது ஊர். பிடிவாதமா அது? உயிர் காத்த அறிவு அது!

கடைசியில் பரிசோதனையில் காரணம் தெரிந்தது. மரபணுக் கோளாறு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பழுதான பிரதி இரண்டும் சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருந்தால் அவரும் நம்மைப்போல் நன்றாகவே இருப்பார். மாதவி கட்டிக்கொண்டதோ சொந்த அத்தை மகனை. இனிப்பை விலக்கினார்கள், குழந்தை தேறினாள். மருத்துவம் ஜெயித்தது. ஆனால் மாமியார் சாவித்ரி ஒரு கட்டளை போட்டார்: "வெளிய மூச்சு விடாதே. அபினவுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம்." அபினவ் அவருடைய இளைய மகன். மகளிடம்கூட அவர் சொல்லவில்லை. வயிற்றுக் கோளாறு என்று முடித்துவிட்டார்.

அந்த மகள் யார்? மாதவியின் தம்பி கிரீஷின் மனைவி! பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம், அங்கேயும் அதே ரத்த உறவு. ஹவுராவில் அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் நாள். சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தையின் நாக்கில் தொட்டுவைத்துப் பெயர் சொல்லவேண்டியவர் யார்? அத்தை! அந்த அத்தை யார்? மாதவி!

எண்ணிப் பாருங்கள். மடியில் தம்பியின் மகன். கையில் கிண்ணம். எதிரே மாமியார். ஒரு துளியால் உயிர் போய்விடாது, அது உண்மை. ஆனால் அந்தத் துளிக்குப் பின்னால் தேன் வரும், மருந்து சிரப் வரும், பழக்கூழ் வரும். பேசினால் கொழுந்தன் கல்யாணம் கெடலாம். பேசாவிட்டால் பிள்ளையே கெடலாம்.

மாதவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இவனுக்கு இது வேண்டாம். முதல்ல டெஸ்ட் பண்ணுங்க. சுபிக்ஷாவுக்கு வந்தது இவனுக்கும் இருக்கலாம்."

"வாயை மூடு மாதவி! சபை நடுவுல என்ன பேச்சு?"

"சபையிலதான் சொல்லணும் அத்தை. வீட்டுக்குள்ள சொன்னா வீட்டுக்குள்ளயே அமுக்கிடுவீங்க."

தாய்ப்பாலைத் தொட்டுவைத்து, "ஜெயந்த், ஜெயந்த், ஜெயந்த்" என்று அழைத்தாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்தோம். ஜெயந்துக்கும் அதே கோளாறு! ஆனால் அவன் ஒருநாள்கூடத் துவளவில்லை. இன்று வீட்டையே தலைகீழாக்குகிறான்!

அபினவ் கல்யாணம்? பெண் வீட்டார் ஓடிவிட்டார்களா? இல்லை! அந்தப் பெண் கேட்டது இதுதான்: "நானும் டெஸ்ட் பண்ணிக்கறேன், அவரும் பண்ணிக்கட்டும்." கல்யாணச் சாப்பாடு நானே சாப்பிட்டேன்!

சோதரரே, சோதரிகளே! எந்தக் குடும்பத்தின் மரபணுவில் எந்த எழுத்துப் பிழை இறங்கி வருகிறது என்று எங்கள் ஆய்வுக்கூடம் தேடிக்கொண்டிருக்கிறது. தெரிந்தால் பிறந்த அன்றே காப்போம். உறுதியாய்க் காப்போம்! அதற்குத்தான் அந்த ஓரத்தில் மேஜை போட்டு, எங்கள் பிள்ளைகள் காலையிலிருந்து காத்திருக்கிறார்கள். கேட்பது கொஞ்சம் ரத்தம். இதுவரை அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். "பேர் கெட்டுவிடும்."

இந்தக் கதையை மேடையில் சொல்ல அனுமதி கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெயர்களை மாற்றிவிடுகிறேன் என்றேன். மாதவி பதில் சொல்லுமுன் சாவித்ரி அம்மா குறுக்கிட்டார். "எதுக்கு மாத்தணும்? மறைச்சவ நான். என் பேரைச் சத்தமாச் சொல்லு. அன்னிக்கு இவளும் வாயை மூடியிருந்தா, என் பேரனுக்கு நானே எமனாயிருப்பேன்."

அம்மா, சத்தமாகவே சொல்லிவிட்டேன்! அதோ, நான்காவது வரிசையில் எழுந்திருக்கிறார் பாருங்கள். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மேஜையை நோக்கித்தான் நடக்கிறார். கைதட்டாதீர்கள் ஐயா, வழிவிடுங்கள்! அவருக்குப் பின்னால் போய் நில்லுங்கள்! தலைவரே, நீங்களுமா? சட்டைக் கையை மடிக்கிறார் நம் தலைவர்! இனி ஒலிபெருக்கிக்கு இங்கே வேலையில்லை. செவி தந்தவர்களுக்கு நன்றி. குருதி தரப்போகிறவர்களுக்குக் கோடி நன்றி. எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்!