திறந்திருக்கும் கேள்விகள்: பூச்சியம்

கணினியில் கை வைப்பதற்கு முன் நான் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவேன். சிரிக்காதீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. கல்லடியில் வாவியோரம் குடியிருக்கிறவனுக்குத்தான் தெரியும், மீன் நாற்றம் எதில் எதிலெல்லாம் ஒட்டும் என்று.

வாகரையில் கஜானி என்ற பெண் தன்னுடைய இறால் குளத்தில் கரண்ட் அடித்து இறந்ததைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. நீங்கள் மேசையில் வைத்திருக்கும், எங்கள் இணையத்தளத்தின் அச்சுப் பிரதிகள் எல்லாம் சரியானவை. அவற்றில் இல்லாததையும் சொல்கிறேன், ஆனால் முதலிலிருந்து சொல்ல விடுங்கள்.

'மூச்சு' என்பது ஓட்டமாவடி ஷாமில் எழுதிய மென்பொருள். அது ஓடும் சின்னப் பெட்டியைக் குளக்கரையில் பொருத்தினால், தண்ணீரில் காற்றுக் குறையும்போது குளத்துக்குள் இருக்கும் மின்சாரச் சக்கரத்தைச் சுழல வைத்து இறாலைக் காப்பாற்றும். போனிலிருந்தும் சக்கரத்தை ஓட்டலாம், நிறுத்தலாம். யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், திருத்தவும் செய்யலாம். ஷாமில் கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் வைத்திருந்த இணையத்தளம் பார்க்கச் சகிக்காது. பாவிக்கிற சனமெல்லாம் கண்டதையும் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். செத்த இறாலின் படம், பாசி பிடித்த வயரின் படம், இருமலும் காறலுமாக யாரோ பேசி அனுப்பிய குரல் பதிவு. அதற்கு வழிகாட்டி என்று பெயர். கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது ஷாமில் கடவுச்சொற்களை என்னிடம் தந்து, வடிவாகச் செய்து வைக்கும்படி சொன்னான். நான் கேட்டு வாங்கியதல்ல. சரி, கேட்டுத்தான் வாங்கினேன். அந்தக் குப்பையைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முகப்பிலேயே ஒரு கை இருந்தது. இலட்சுமிப்பிள்ளை என்ற வாகரைப் பெண்ணின் வலது உள்ளங்கை. கரண்ட் சுட்டுத் தோல் உரிந்து, நடுவில் மஞ்சளாக நீர் கட்டியிருந்தது. போனில் நிறுத்தினால் சக்கரம்தான் நிற்கும், வயரில் கரண்ட் நிற்காது, கரையில் இருக்கும் மெயின் சுவிட்சை நிறுத்தாமல் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று கீழே சிவப்பில் எழுதியிருந்தது. எழுத்தில் எனக்குக் குறையில்லை. அந்தக் கைதான். காலைச் சாப்பாட்டோடு தளத்தைத் திறந்தால் பிட்டு தொண்டையில் இறங்காது. புண்ணில் ஒரு ஈயும் இருந்தது ஐயா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈயேதான்.

எடுத்துவிட்டேன். எச்சரிக்கையை 'பாதுகாப்பு' என்ற தனிப் பக்கத்துக்கு மாற்றுவதாக இருந்ததால் அதையும் எடுத்தேன். முகப்பில் விடிகாலை வாவியின் படத்தைப் போட்டேன். பார்த்தவர்கள் மெச்சினார்கள். பாதுகாப்புப் பக்கத்துக்குத் தலைப்பை மட்டும் போட்டு, மிச்சத்தை ஆறுதலாக எழுதலாம் என்று விட்டேன். அவசரப்பட்டு எழுதிக் கெடுப்பது என் பழக்கமல்ல.

மூன்று நாள் கழித்து இலட்சுமிப்பிள்ளை தளத்தில் இருந்த என் இலக்கத்துக்குப் போன் எடுத்தாள்.

"என்ட கைய எங்க மனே?" என்றாள். "எழுத்து வாசிக்கத் தெரியாத சனமும் அந்தக் கையப் பாத்துத்தான் பயந்து மெயின நிப்பாட்டுது. அதத் திருப்பிப் போட்டுடுங்க மனே. இல்லாட்டி ஆராவது செத்துப் போவாங்க."

ஓம் அம்மா, போடுகிறேன் என்றேன். அவள் கதைத்து முடியும் வரைக்கும் பின்னால் யாரோ மீன் செதில் சுரண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போனைத் துடைத்து வைத்தேன். படத்தைப் போடவில்லை. அடுத்த கிழமையும் எடுத்தாள். இலக்கத்தைத் தடுத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று இப்படியான இலவச மென்பொருள்களின் தளங்களில் சிறந்ததைத் தெரிவு செய்ய வந்தது. நடுவர்கள் முக்கியமாகப் பார்ப்பது கேள்விப் பகுதியை. எத்தனை கேள்விகள் பதிலில்லாமல் திறந்து கிடக்கின்றன என்று எண்ணுவார்கள். நான் பொறுப்பெடுத்தபோது இருநூற்றுக்கு மேல். ஒரே கேள்வியை நாற்பது பேர் கேட்டிருந்தார்கள். என்ன சனம் இது. வழிகாட்டியில் இருப்பதை யாராவது கேட்டால், அந்தப் பக்கத்துக்கு இணைப்பைக் கொடுத்துக் கேள்வியை மூடிவிடுவது இந்தத் துறையில் எல்லாரும் செய்கிற வேலைதான். நானும் ஒவ்வொன்றாக மூடினேன். ஒன்றரை மாதத்தில் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது பக்கம். அன்றைக்கு உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

நடுவர்கள் பார்ப்பதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழேகாலுக்குக் கஜானியின் கேள்வி வந்தது. அவளை எனக்குத் தெரியாது. புருஷன் வெளிநாட்டில், குளத்தைத் தனியாகப் பார்த்து வந்தவள், 'மூச்சு' பெட்டியைப் பொருத்திப் பத்து நாள்தான் ஆகியிருந்தது என்பதெல்லாம் பிறகு நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவள் எழுதியதை நீங்களே வாசித்திருப்பீர்கள்.

"சக்கரத்தில பாசி சுத்திட்டு. இறால் எல்லாம் மேல வந்து நிக்குது, சாகப் போகுது. போனில நிப்பாட்டிட்டன். தண்ணிக்குள்ள இறங்கலாமா?"

கூடவே ஒரு படம். சேற்றில் அவளுடைய கால், நகத்துக்குள் கறுப்பு, அதைச் சுற்றிச் சளி மாதிரிப் பாசி. திரையைத் துணியால் துடைத்தேன். மேலே, திறந்திருக்கும் கேள்விகளின் எண்ணிக்கை ஒன்று என்று காட்டியது.

படத்தை நீக்கினேன். பாதுகாப்புப் பக்கத்தின் இணைப்பைப் போட்டு, "இதற்கான பதில் வழிகாட்டியில் உள்ளது. உங்கள் கேள்விக்கு நன்றி" என்று எழுதி மூடினேன். அப்போது ஏழு பதினேழு. இரண்டு நிமிடத்தில் பதில். வேறு எந்தத் தளத்தில் அப்படிக் கிடைக்கும், சொல்லுங்கள்.

ஏழு இருபதுக்கு மறுபடி எழுதினாள்.

"அந்தப் பக்கத்தில ஒண்ணும் இல்லையே. இறங்கலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

மூடிய கேள்விக்குக் கீழே கேட்டவர் எழுதினால் அது தானாகத் திறந்துகொள்ளும். மறுபடியும் ஒன்று.

அந்தப் பக்கம் வெறுமையானது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். தலைப்புப் போட்டவனே நான்தானே. இறங்கினால் என்ன நடக்கும் என்றும் தெரியும். 'வேண்டாம்' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். விரல் விசைப்பலகையின் மேல்தான் இருந்தது. ஆனால் ஒருத்திக்கு அப்படி நேரே சொல்லிப் பழக்கினால் நாளைக்கு ஊரே சேற்றுக் காலோடு வந்து நிற்கும். அதை நினைக்கவே எனக்கு உடம்பு கூசியது. அதனால் அதே இணைப்பையும் நன்றியையும் மறுபடி போட்டுக் கேள்வியை மூடினேன். இந்தத் தடவை, அவள் திரும்ப எழுத முடியாதபடி பூட்டியும் விட்டேன். பூட்டும்போது அவளுடைய பெயருக்குக் கீழே 'எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது நின்றுவிட்டது. நான் எழும்பிப் போய்ப் பிளேன்ரீ ஊற்றிக் குடித்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவள் கேட்டபோது பதில் எனக்குத் தெரிந்திருந்தது, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, அவளைக் கொன்றது நான்தான். வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இரண்டு தடவையும் அவளுக்கு நன்றி சொல்லித்தான் மூடினேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் யாரையும் மரியாதைக் குறைவாக நடத்துகிறவனல்ல.