டாக்டரிடம் சொல்லாதது

காந்திபுரத்தில் அன்னூர் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். தோட்டத்துக்காரர்கள். அந்தம்மா கையில் ஓமியோபதி மாத்திரைக் குப்பி இருந்தது.

“தலைவலின்னு டாக்டருகிட்ட போனா, அழுகை வந்தா பக்கத்துல ஆளு வேணுமா, தனியா இருக்கோணுமான்னு கேக்கறாருங்க. இதெல்லாம் ஒரு கேள்விங்களா?”

“அதைக் கேட்டுத்தான மருந்து குடுக்கறாரு. எதுத்தூட்டு அக்காளுக்கும் தலைவலிதான். அவங்களுக்கு வேற மாத்திரை.”

“எல்லாம் ஒரே சக்கரை உருண்டைதானுங்க.” அந்தம்மா சிரித்தார். புருஷன் சிரிக்கவில்லை.

“அழுவறதே இல்லைன்னு அவருகிட்ட எதுக்குப் புள்ள சொன்னே?”

“அழுவறதில்லீங்களே.”

“உங்கம்மா செத்து ஒரு வருசமாச்சு. அதுல இருந்து நீ கிணத்து மோட்டாரைப் போட்டு உட்டுட்டு, அந்தச் சத்தத்துல நின்னு அழுவறே. வரப்புல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கறேன்.”

அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பாத்துட்டும் கிட்ட வரலீங்களா?”

“வந்தா அழுவறதை நிறுத்திப்போடுவியேன்னு வரலே.”

கணபதி ஸ்டாப் வந்தது. பஸ் நின்றதும் புருஷன் எழுந்தார்.

“எந்திரி, திரும்பிப் போலாம். உள்ளதைச் சொல்லி மருந்து வாங்கு. இது அழுவாதவங்களுக்குக் குடுத்த மருந்து. எனக்கு முன்னால சொல்றதுக்குச் சங்கடமா இருந்தா, நான் வெளியிலயே உக்காந்துக்கறேன்.”

அந்தம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனார். படியில் இறங்கும்போது சொன்னது எனக்குக் கேட்டது.

“நீங்களும் உள்ளார வாங்க.”